பின்பாரமான மீன்பிடிப் படகில் பேட்டரிகளை எங்கே மாற்றி வைப்பது?

கேள்வியின் சாரம் இது. சுமார் 5 மீட்டர் நீளமுள்ள அலுமினிய மீன்பிடிப் படகு. பின்பலகையில் 50 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மீன்பிடிக்கும்போது படகை மெல்ல நகர்த்த உள்ள 24 வோல்ட் மின்மோட்டாருக்கு இரண்டு பேட்டரிகள், மூன்றும் பின்பலகையை ஒட்டியே இருக்கின்றன. படகு நின்றிருக்கும்போது பின்புற வடிதுளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. வேகமெடுக்கும்போது அணியம் எதிரே எதுவும் தெரியாதபடி தூக்கிக்கொள்கிறது. மூன்று பேட்டரிகளையும் அணியத்துக்கே கொண்டு போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் என்பதே என் பதில். மின்மோட்டாருக்கான இரண்டு பேட்டரிகளை மட்டும் படகின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் கொண்டு வாருங்கள். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை இருந்த இடத்திலேயே விடுங்கள். அணியத்தின் நுனிக்குள் எதையும் திணிக்காதீர்கள். எடை இடம் மாறுவது இந்த வேலையில் சிறிய பங்குதான். கேபிளும், பேட்டரியை அசையாமல் கட்டுவதும், மிதப்பு நுரையைக் காப்பதும் சேர்ந்தே இது முழு வேலையாகிறது. இவற்றைக் கணக்கில் எடுக்காமல் இடத்தை மட்டும் முடிவு செய்தவர்கள் பலர் ஒரு பருவத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி செய்ய நேர்ந்திருக்கிறது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் படகு முன்பு இப்படி இல்லாமல் அண்மையில்தான் பின்னால் தாழத் தொடங்கியது என்றால், பேட்டரி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. தளத்துக்கு அடியில் இருக்கும் மிதப்பு நுரை ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். படகைக் கரையேற்றும்போது முன்பக்கம் உயர்ந்து நிற்பதால் அந்தத் தண்ணீர் பின்பகுதியிலேயே தேங்கும். லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில், யார் கண்ணுக்கும் தெரியாத நாற்பது ஐம்பது கிலோ அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும். தளப்பலகையில் ஒரு சிறு ஆய்வுத் துளையிட்டு நுரையைக் கிள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்துவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் மாட்டிய பிறகு பின்பாரம் கூடியது என்றால் அதன் காரணம் வெளிப்படை: ஒரே குதிரைத்திறனில் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பொதுவாகக் கனமானவை, அந்தக் கூடுதல் எடை படகின் கடைசி விளிம்புக்கும் வெளியே தொங்குகிறது. இந்த இரண்டாவது நிலையில்தான் பேட்டரியை நகர்த்துவது சரியான மருந்து.

இனி கணக்குக்கு வருவோம். எடையைவிட அது நகரும் தூரம்தான் இங்கே பெரிய விஷயம். இரண்டையும் பெருக்கிக் கிடைக்கும் திருப்புத்திறனே படகின் முன்பின் சாய்வை மாற்றுகிறது. உங்கள் படகை ஒத்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வெற்றுடல் 250 கிலோ, எஞ்சின் 110, கிளப்பும் பேட்டரி 20, மின்மோட்டார் பேட்டரிகள் தலா 27 வீதம் 54, பெட்ரோல் 45 லிட்டர் என்றால் ஏறத்தாழ 33, இரண்டு ஆட்கள் 150, மீன்பிடிச் சாமான்கள் ஐம்பது சொச்சம், ஆக மொத்தம் 670 கிலோ. பின்பலகையிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கும் அந்த 54 கிலோவை 2.8 மீட்டர் புள்ளிக்கு, அதாவது 2.4 மீட்டர் முன்னே கொண்டு வந்தால், திருப்புத்திறன் மாற்றம் (கிலோ × மீட்டர் அலகில்) சுமார் 130. அதை 670 ஆல் வகுத்தால், முழுப் படகின் ஈர்ப்பு மையமும் 19 செ.மீ. முன்னே வந்துவிடுகிறது. நின்றிருக்கும் நிலையில், இந்த அளவுள்ள படகில், இது முன்பின் சாய்வை ஏறத்தாழ ஒரு பாகை மாற்றும். பின்பலகை 4 செ.மீ. அளவுக்கு எழும்பும், அணியம் அதே அளவுக்குத் தாழும். அடித்தள வடிவத்தைப் பொறுத்து இந்த எண் கூடலாம் குறையலாம், ஆனால் வடிதுளை நீர்மட்டத்துக்கு மேலே வருவதற்கு 4 செ.மீ. பல படகுகளில் போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்ணையும் சொல்கிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் 75 கிலோ எடையுள்ள நண்பர் எழுந்து 1.7 மீட்டர் முன்னே வந்து உட்கார்ந்தால், ஏறக்குறைய அதே விளைவு கிடைக்கிறது. எனவே அவரை முன்னே வந்து உட்காரச் சொல்லி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். படகின் நடத்தை குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றால், பேட்டரியை நகர்த்தியும் பயன் இருக்காது. கோளாறு எஞ்சினின் உயரத்திலோ, சாய்வுக் கோணத்திலோ, எஞ்சின் காற்றாடியின் (புரொப்பெல்லரின்) தேர்விலோ இருக்கிறது.

ஆளை நகர்த்திப் பார்த்துத் திருப்தி ஏற்பட்டால் அடுத்து முறையான ஒத்திகை. மின்மோட்டார் பேட்டரிகள் எஞ்சின் ஓட்டத்துக்குத் தேவையில்லை என்பதால் அவற்றைக் கரையில் இறக்கி வைத்துவிடலாம். அவற்றின் எடைக்குச் சமமாக, 54 லிட்டர் தண்ணீரை மூடியுள்ள கேன்களில் கழுத்துவரை நிரப்பி, நீங்கள் நினைத்திருக்கும் புதிய இடத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். கேனைப் பாதி நிரப்பினால் உள்ளே தண்ணீர் அலைந்து சோதனையையே கெடுத்துவிடும். புறப்படும் முன், படகு அமைதியான நீரில் நிற்கும்போது, பின்பலகையின் இரு மூலைகளிலும் அணியத்திலும் நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரையிலான உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். பிறகு கேன்களை 30 செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும் இந்த வேலையை மக்கள் தவிர்ப்பது எனக்கு இன்றுவரை புரிவதில்லை. தளத்தில் துளையிட்ட பிறகு இடத்தை மாற்றுவதைவிடக் கேனைத் தள்ளி வைப்பது எவ்வளவோ எளிது.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை பல, ஆனால் இரண்டு எல்லைகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஈர்ப்பு மையம் மிகவும் பின்னால் இருந்தால், படகு நீர்மேல் எழுந்து சறுக்க அதிக நேரம் எடுக்கும். எழுந்த பிறகும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அணியம் தானாக ஏறி இறங்கி, ஏறி இறங்கித் துள்ளத் தொடங்கும். மிகவும் முன்னால் போய்விட்டால், அணியம் நீரைக் கிழித்துக்கொண்டு தாழ்ந்தே ஓடும், சாரல் முகத்தில் அடிக்கும், சுக்கான் கனக்கும், வேகமும் குறையும். மையம் பின்னால் இருப்பது வெறும் தொந்தரவு, முன்னால் போய்விடுவது ஆபத்து. முதுகுப்பக்கமிருந்து அலை தள்ளும்போது, தாழ்ந்த அணியம் முன்னிருக்கும் அலையின் அடிவாரத்தில் குத்தி நிற்க, பின்பகுதி பக்கவாட்டில் சுழன்று படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். சிறு படகுகள் கவிழ்வதற்கு இது நன்கறியப்பட்ட வழி. ஆகவே துள்ளல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தவுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினால் இன்னும் நன்றாக இருக்குமே என்ற ஆசை வேண்டாம்.

அந்த ஒத்திகையையும் ஒரே நிலையில் செய்து முடிவுக்கு வரக் கூடாது. பெட்ரோல் தொட்டி பின்னால் இருக்கிறது என்றால், நாள் முடியும் தறுவாயில் 30 கிலோ குறைந்து அணியம் தானாகவே தாழ்ந்திருக்கும். உயிர்மீன் தொட்டி 80 லிட்டர் கொள்ளும் என்றால் அது நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் 80 கிலோ வேறுபாடு. பேட்டரிகள் இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம். நீங்கள் தனியாகப் போகும் நாள், துணையோடு போகும் நாள், தொட்டி நிறைந்த காலை, தொட்டி வறண்ட மாலை ஆகிய நிலைகளில் மிக மோசமான இரண்டைத் தேர்ந்து சோதியுங்கள். என் கருத்தில், நின்றிருக்கும்போது படகு பின்பக்கம் ஒரு சிறிது தாழ்ந்தே இருப்பது நல்லது. கண்ணாடிபோல் மட்டமாக நிற்கும்படி சரிசெய்த படகு, தொட்டி காலியாகும்போது மூக்கைத் தண்ணீரில் வைத்துவிடும்.

இனி, அணியத்தின் நுனி ஏன் கூடாது என்பதற்கான இன்னொரு காரணம். கனமான பொருட்கள் படகின் இரு முனைகளிலும் இருந்தால், படகு அலையில் முன்னும் பின்னும் ஆடும் ஆட்டம் மந்தமாகவும் ஆழமாகவும் இருக்கும். எடை நடுவில் குவிந்திருந்தால் அணியம் அலையோடு சேர்ந்து உடனே எழும்பும். இங்கே விளைவு, எடையை ஈர்ப்பு மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கிடைப்பது. ஈர்ப்பு மையம் பின்பலகையிலிருந்து 1.9 மீட்டரில் இருப்பதாகக் கொண்டால், இப்போது 1.5 மீட்டர் பின்னால் இருக்கும் 54 கிலோவின் பங்கு ஏறத்தாழ 121, 2.8 மீட்டர் புள்ளிக்கு வந்தால் அது 44 ஆகக் குறைகிறது; அணியப் பெட்டியில், 4.3 மீட்டர் புள்ளியில் வைத்தாலோ 311 ஆகிவிடுகிறது. சாய்வைச் சரிசெய்யப் போய், அலை ஏறும் திறனைக் கெடுத்துக்கொள்வது என்பது இதுதான். தவிரவும் படகு அலையில் மோதும் அதிர்ச்சி அணியத்தில்தான் மிகக் கடுமையாக இருக்கும். ஈய-அமிலப் பேட்டரியின் தகடுகளில் உள்ள பசை அந்த அதிர்ச்சியில் உதிர்ந்து அடியில் படிந்து, கடைசியில் உள்ளேயே குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். மின்மோட்டாருக்கு மிக அருகில் இருப்பதால் கேபிள் குறைவாகத் தேவைப்படும் என்பது அணியத்துக்கு ஆதரவான ஒரே வாதம். அது உண்மைதான், ஆனால் மற்ற இழப்புகளை அது ஈடுகட்டாது.

பக்கவாட்டுச் சமநிலை இதைவிட எளிதாகக் கெட்டுப்போகும், ஏனெனில் படகின் அகலம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். முடிந்தால் இரண்டு பேட்டரிகளையும் நடுக்கோட்டின் இருபுறமும் ஒன்று ஒன்றாக வையுங்கள். இடமில்லாமல் இரண்டும் ஒரே பக்கம் வந்தே தீரும் என்றால், ஓட்டுபவரின் இருக்கைக்கு எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இதில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு: பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழலும் காற்றாடி, எதிர்வினையாகப் படகை இடப்பக்கம் சாய்க்க முயலும், பல படகுகளில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவது அதை ஓரளவு சரிக்கட்டுகிறது. எனவே நின்றிருக்கும்போது சற்றே வலப்பக்கம் தாழ்ந்திருக்கும் படகு, ஓடும்போது நேராகிவிடக்கூடும். நிற்கும்போது பார்த்ததை வைத்து மட்டும் பக்கச் சாய்வைத் திருத்தாதீர்கள்.

இப்போது கேபிள். கிளப்பும் பேட்டரியை ஏன் நகர்த்தக் கூடாது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. எஞ்சினைக் கிளப்பும் அந்த ஓரிரு நொடிகளில் 150 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயலாம். பேட்டரி அருகில் இருக்கும்போது, போகவும் வரவும் மொத்தம் 3 மீட்டர் நீளமுள்ள 16 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் இழப்பது ஏறத்தாழ அரை வோல்ட். அதே கேபிளை 8 மீட்டருக்கு நீட்டினால் இழப்பு 1.3 வோல்ட் ஆகிறது. எஞ்சினைச் சுழற்றும்போதே பேட்டரியின் அழுத்தம் 11 வோல்ட்டுக்கு அருகே இறங்கிவிடுவதால், எஞ்சின் முனைக்குப் போய்ச் சேருவது பத்துக்கும் கீழே. சுழல்வது மந்தமாகும், எரிபொருள் பாய்ச்சும் மின்னணுப் பெட்டி குழம்பும், பழுது எஞ்சினில் இருப்பதாக நினைத்து நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். பழைய அளவு இழப்பையே தக்கவைக்க 43 சதுர மி.மீ. வேண்டும், சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 50. அந்த 8 மீட்டர் நீளத்துக்குச் செம்பு மட்டுமே மூன்றரைக் கிலோவுக்கு மேல். 20 கிலோ பேட்டரியை நகர்த்துவதற்காக இவ்வளவு பருத்த கேபிளைப் படகு நெடுக இழுப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

மின்மோட்டார் பேட்டரிகளின் கதை நேர்மாறானது. அவற்றை முன்னே கொண்டு வந்தால் கேபிள் சுருங்குகிறது. பின்பலகையிலிருந்து அணியத்துக்கு ஒருவழி 5 மீட்டர், போகவர 10 மீட்டர். 10 சதுர மி.மீ. கேபிளில் 50 ஆம்பியர் பாயும்போது இழப்பு 0.86 வோல்ட், அதாவது 24 வோல்ட்டில் மூன்றரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒருவழி 2.5 மீட்டராகக் குறைந்தால் இழப்பும் பாதியாகிறது. படகுகளுக்கான மின்தரங்களை வகுக்கும் ஏபிஒய்சி என்ற அமெரிக்க அமைப்பு, முக்கியமான மின்சுற்றுகளில் 3 விழுக்காட்டுக்கு மேல் அழுத்த இழப்பு கூடாது என்றும், மற்றவற்றில் 10 விழுக்காடு வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. மின்மோட்டார் எந்த வகையில் சேரும் என்று வாதிடலாம். காற்றில் கரைமேல் ஒதுங்காமல் தப்பிக்க அதை நம்பியிருப்பவருக்கு அது முக்கியமானதுதான்.

கேபிள் வாங்கும்போது வெள்ளீயம் பூசிய, மெல்லிழைகள் பலவற்றைக் கொண்ட செம்புக் கேபிளையே கேளுங்கள். பூச்சில்லாத செம்பு உப்புக் காற்றில் உறைக்கு உள்ளேயே கறுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. முனைகளில் லக்கை, அதாவது பேட்டரி முனையில் மாட்டும் உலோகக் கண்ணியை, அதற்கான கருவியால் அழுத்திப் பிணையுங்கள். வெறும் பற்றவைப்பு அதிர்வில் முறியும், சூட்டில் இளகும். கைவிரலால் திருகும் சிறகு நட்டுகளை இந்த அளவு தடித்த கேபிள்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை தானாகத் தளர்வது வழக்கம், தளர்ந்த இணைப்பு கொதிக்கும். கேபிளைக் குழாய்க்குள் செலுத்தி, 45 செ.மீ.க்கு ஒரு பிடிப்பு கொடுத்து, தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலேயே கொண்டு செல்லுங்கள். எதிர்முனைக்கும் தனிக் கேபிள் வேண்டும். அலுமினிய உடலையே திரும்பும் பாதையாகப் பயன்படுத்தினால், கசியும் மின்னோட்டம் உடலை அரித்துத் துளையிட்டுவிடும்.

ஃபியூஸ் அல்லது சர்க்யூட் பிரேக்கர் நேர்முனைக்கு மிக அருகில், 7 அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 18 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பேட்டரியை இடம் மாற்றும்போது மக்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய பிரேக்கர் மோட்டாரின் பக்கத்தில், அணியத்தில் இருந்திருக்கும். அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்போது பேட்டரிக்கும் பிரேக்கருக்கும் இடைப்பட்ட கேபிள் முழுவதும் பாதுகாப்பில்லாதது. தளத்தின் கூரான விளிம்பில் உறை தேய்ந்து அலுமினியத்தைத் தொட்டால், எதுவும் அதை நிறுத்தாது. ஃபியூஸ் கேபிளைக் காப்பதற்கானது, மோட்டாரைக் காப்பதற்கானது அல்ல என்பதை நினைவில் வைத்தால் அதன் இடம் தானாக விளங்கும்.

பேட்டரியைப் பிடித்து வைக்கும் விதம் பற்றி. எந்தத் திசையில் இழுத்தாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது என்பது நடைமுறை அளவுகோல். மலிவான பெட்டிகளோடு வரும் மெல்லிய பட்டையும் இரண்டு சிறு திருகுகளும் 27 கிலோவை அலையில் பிடித்து நிறுத்தா. பெட்டியின் அடிப்பகுதி நகராதபடி நான்கு பக்கமும் தடுப்புக் கட்டை கொடுத்து, பட்டையைத் தளத்தின் குறுக்குச் சட்டத்தோடு போல்ட்டால் பிணையுங்கள். தளத்தில் துளையிடும்போது துரப்பணத்தின் நீளத்தைக் கட்டுப்படுத்தி, அதன் நுனி அடித்தகட்டை எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு அலுமினியப் படகில் தளத்துக்கும் அடித்தகட்டுக்கும் இடையே எதிர்பார்ப்பதைவிடக் குறைவான இடமே இருக்கும். அமிலப் பேட்டரியாக இருந்தால் பிளாஸ்டிக் தட்டு கட்டாயம், சிந்தும் அமிலம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

நடு இருக்கைக்கு அடியில் இடம் இருக்கிறதே என்று மூடியைத் திறந்தால், அங்கே பெரும்பாலும் நுரை இருக்கும். அதை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். இரண்டு பேட்டரிப் பெட்டிகளுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் இடம் வேண்டும். அவ்வளவு நுரையை எடுத்தால், படகில் நீர் நிறையும் அந்த ஒரு நாளில் 39 கிலோ மிதப்பு இல்லாமல் போகும். அதே நாளில் அந்த 54 கிலோ பேட்டரிகளும் படகில்தான் இருக்கும். நுரை நிரம்பிய இருக்கை வேண்டாம், ஓட்டுநர் மேசைக்கு அடியிலோ, அதற்கு முன்னாலுள்ள சாமான் பெட்டியிலோ இடம் தேடுங்கள். வேறு வழியே இல்லையென்றால், எடுத்த நுரைக்கு ஈடாக வேறோரிடத்தில், முடிந்தவரை விளிம்புக்கு அருகே உயரமான இடத்தில், மூடிய துளைகளுள்ள புதிய நுரையைப் பொருத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

மூடிய பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் காற்றோட்டம் கொடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஈய-அமிலப் பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே அது தீப்பற்றும். அது மேலே எழும் வாயு என்பதால் துளை பெட்டியின் உச்சியில் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி இதற்கு நேர்மாறாக அடியில் தங்கும். இந்த இரண்டும் சந்திக்கக்கூடிய அறையில், அதாவது எடுத்துச் செல்லும் பெட்ரோல் தொட்டி இருக்கும் அதே மூடிய பெட்டியில், பேட்டரியை வைக்கவே கூடாது.

எடையைக் குறைப்பதற்கு லித்தியம் வாங்கிவிட்டால் நகர்த்தவே வேண்டாமே என்று அடுத்து கேட்பீர்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 11 முதல் 13 கிலோ இருக்கும்; இரண்டை மாற்றினால் பின்பக்கம் 30 கிலோ குறைகிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் சாய்வு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால், இருக்கும் பேட்டரிகளை 2.4 மீட்டர் நகர்த்துவதில் கிடைக்கும் பலனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். மின்மோட்டாருக்கு லித்தியம் மிகப் பொருத்தம். எஞ்சினைக் கிளப்ப அதைப் பயன்படுத்த எஞ்சின் தயாரிப்பாளரின் அனுமதி கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்; லித்தியத்துக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஓட்டத்தின் நடுவே திடீரென்று துண்டித்துக்கொண்டால், எஞ்சினின் சார்ஜ் சுற்றில் எழும் அழுத்த ஏற்றம், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையரை எரித்துவிடக்கூடும். சார்ஜரும் லித்தியத்துக்குரியதாக மாற வேண்டும். பனிப் பகுதியில் இருப்பவர்கள், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வேலையைச் செய்யும் வரிசையில் இரண்டு எச்சரிக்கைகள். கழற்றும்போது எதிர்முனையை முதலில், மாட்டும்போது எதிர்முனையைக் கடைசியில். உலோகப் படகில் ஸ்பேனர் ஒரே நேரத்தில் நேர்முனையையும் உடலையும் தொடும் வாய்ப்பு மிக அதிகம். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கும் அமைப்பில், பழைய இணைப்பைக் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்புக் கம்பியை ஒரே பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒருவன், அந்த ஸ்பேனரின் வாயில் இன்றும் ஒரு பிறை வடிவக் குழி இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின், படகை நீரில் இறக்கி, முதலில் அளந்த அதே மூன்று இடங்களிலும் உயரத்தை மறுபடி அளந்து, புதிய நீர்மட்டத்தை உடலின் வெளிப்பக்கத்தில் சிறு கோடாகக் குறித்து வையுங்கள். முதல் மூன்று நான்கு பயணங்களுக்குப் பின் பட்டை, தடுப்புக் கட்டை, லக் நட்டு ஆகியவற்றைக் கைவைத்து அசைத்துப் பார்த்து இறுக்குங்கள்; புதிய பொருத்துதல்கள் தளர்வது அந்த நாட்களில்தான். வடிதுளை இன்னமும் நீர்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அடுத்து நகர்த்த வேண்டியது கிளப்பும் பேட்டரி அல்ல, பெட்ரோல் தொட்டிதான். எடுத்துச் செல்லும் வகைத் தொட்டி என்றால் அதற்குத் தேவைப்படுவது சற்று நீளமான எரிபொருள் குழாயும் நல்ல பிடிப்பும் மட்டுமே.